படகில் ஏறாத காய்ச்சல்

பாதி நாள் பனிக்குள்ளேயே தூங்குகிற ஏரி ஒன்று. நடுவிலிருந்த தீவில், கனவில் வருகிற வீடு மாதிரி மிதந்து தெரியும் அரசாங்க வைத்தியசாலை. நோயாளிகளை அங்கே கொண்டுபோகப் பூவாயி என்ற ஓடக்காரியை ராஜா அமர்த்தினார். அதன்பின் அங்கே சேர்ந்தவர்களின் கணக்கு மூன்று மடங்கானது.

மந்திரி மகுடேசர் கொதித்துப்போனார். "படகு வந்த பிறகுதான் நாட்டுல நோய் பெருகிப்போச்சு! இனிமே ஒரு நோயாளியையும் ஏத்தாதே. மீறினா படகு அடுப்புக்குத்தான்!"

"உத்தரவு எசமான்" என்றாள் பூவாயி. அன்றிலிருந்து கட்டிப்போட்ட படகில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பனிக்குள்ளிருந்து இருமல் சத்தம் மட்டும் மிதந்து வந்தது.

வைத்தியசாலை காலியானது. "நோயை ஒழிச்சிட்டேன்!" என்று மந்திரி ஏரிக்கரையிலேயே பந்தல் போட்டு ராஜாவுக்கு விருந்து வைத்தார். மூக்கு முட்டத் தின்றதில் மந்திரிக்கே வயிற்றைப் பிடுங்கியது. படகுக்கு ஓடினார். ராஜாவும் பின்னாலேயே வந்தார்.

பூவாயி துடுப்பைத் தொடவில்லை. "நீங்க ஏறினா கணக்குல ஒண்ணு கூடிடுமே எசமான்? நோயே இல்லைன்னுதானே விருந்து?"

"அடியே, கணக்குல எழுதலைன்னா என் வலி இல்லாமப் போயிடுமா?" என்று அலறினார் மந்திரி.

"அவங்களும் அதைத்தான் கேக்குறாங்க" என்று கரையைக் காட்டினாள்.

பனி மெல்ல விலகியது. கரை நெடுகக் கம்பளி போர்த்தியபடி, பிள்ளைகளைத் தோளில் சாய்த்தபடி, ஜனங்கள் காய்ச்சலோடு காத்திருந்தார்கள்.

ராஜா தானே படகின் கயிற்றை அவிழ்த்தார். பிறகு மந்திரியிடம் சொன்னார்: "வரிசையில கடைசியாப் போய் நில்லும்."