நல்ல பாம்பின் வட்டக் கண்ணாடி

அந்தக் காலத்தில், பாம்பும் கீரியும் ஒரே பாஷை பேசி, எதிர்ப்பட்டால் நலம் விசாரித்துக்கொண்டிருந்த காலத்தில், காட்டில் பாதிப் பேருக்குப் பார்வை மட்டம். மூக்குக்கண்ணாடி போடாத உயிரே அபூர்வம். கண்ணாடி செய்து கொடுப்பது தூக்கணாங்குருவி அண்ணாச்சியின் வேலை. அப்படிப்பட்ட கூட்டையே பின்னுகிற அலகுக்குக் கண்ணாடிச் சட்டம் பின்னுவது ஒரு பாடா? பனை ஈர்க்கை நனைத்து வளைத்து இரண்டு வட்டம் போடுவார். ஓடையில் கிடக்கும் பளிங்குச் சில்லைத் தேய்த்து உள்ளே பதிப்பார். காதில் மாட்டும் கம்பி அப்போது கிடையாது. இரண்டு ஓரத்திலும் நார் கட்டிக் கழுத்தைச் சுற்றி முடிந்துவிட்டால் தீர்ந்தது. ஆந்தை முதல் முயல் வரை எல்லோர் முகத்திலும் அந்த வட்டக் கண்ணாடிதான்.

குளக்கரைப் புற்றில் வடிவு என்றொரு பாம்பு குடியிருந்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஆகாது. சட்டை உரிக்கிற நாள் நெருங்கினால் கண்ணில் பால் படர்ந்ததுபோல ஆகிவிடும். கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் கல் எது, தவளை எது என்று தெரியும். அந்த வருஷம் அவள் இருபத்திரண்டு முட்டை இட்டிருந்தாள். முட்டை இட்ட நாளிலிருந்து நிம்மதியாக ஒரு வாய் தண்ணீர் குடித்தது கிடையாது.

காரணம் சடையன் என்கிற கீரி. சடையனுக்கு ஒரு பழக்கம். நேருக்கு நேர் பார்க்கிறவரைத் தொடமாட்டான். முதுகைக் காட்டினால் விடமாட்டான். அவனுக்குப் பயந்து குளக்கரையில் முறைக்காவல் வைத்திருந்தார்கள். முட்டையும் குட்டியும் உள்ள வீடுகளில் நாளுக்கு ஒருவர் காவல் இருக்க, மற்றவர்கள் இரை தேடப் போய்வருவார்கள். பாம்பை நம்பி முயல் தன் குட்டிகளை விட்டுப்போன காலம் அது, பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, பவுனு என்கிற பூனை தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கிறவரை.

"என்ன கண்ணாடி இது? மூஞ்சியில ரெண்டு அப்பளத்த ஒட்டினாப்ல!" என்றாள் பவுனு. அண்ணாச்சியிடம் போய், ஓரம் இரண்டும் தன் கண்ணைப்போல மேலே தூக்கி நிற்கும்படி ஒரு சட்டம் செய்யச் சொன்னாள். காதில் மாட்டிக்கொள்ளக் கம்பியும் வைக்கச் சொன்னாள். அதைப் போட்டுக்கொண்டு குளத்தை ஒரு சுற்று வந்தாள். அவ்வளவுதான். மறுநாள் குரங்கு போட்டது. அதற்கு மறுநாள் முயல், மான், மரநாய். ஒரு பிறை வளர்ந்து தேய்வதற்குள் வட்டக் கண்ணாடிகள் எல்லாம் குளத்தடியில் கிடந்தன. தவளை மட்டும் கழற்றவில்லை. அது எதில்தான் முந்திக்கொண்டிருக்கிறது?

வடிவும் கழற்றவில்லை. பாம்புக்கு ஏது காது, கம்பி மாட்ட?

ஒரு நாள் முயல் தேனு வந்து புற்றுவாசலில் தயங்கி நின்றாள்.

"மதினி, தப்பா நெனைக்காதிய. பழைய கண்ணாடி போட்டவளுக்குக் கண்ணும் பழசுதான்னு பேசிக்கிடுதாங்க. அடுத்த முறையில உங்க பேர எடுத்திரணும்னு பவுனக்கா சொல்லுதா."

"எடுத்துட்டா?"

"காவலுக்கு நிக்காதவ வீட்டுக்கு யாரு காவல் நிப்பா, சொல்லுங்க?"

வடிவு முட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். காவல் இல்லையென்றால் அவள் தண்ணீருக்குப் போகிற நேரம் போதும், சடையன் இருபத்திரண்டையும் முடித்துவிடுவான். அன்று முழுவதும் முட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இரை இறங்கவில்லை. யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே பட்டது.

மறுநாள் விடியவும் அண்ணாச்சியின் பனைமரத்தடியில் போய் நின்றாள்.

"எனக்கும் அந்தத் தூக்கின கண்ணாடி ஒண்ணு வேணும் அண்ணாச்சி."

அண்ணாச்சி அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "எதுல மாட்டுவேன் தாயி? காதில்லாதவளுக்குக் கடுக்கன் கேட்டாப்ல இருக்கு."

"ஒட்டி விடுங்க."

"ஊரு ஆயிரம் சொல்லும். அதையெல்லாம் நீ என்னத்துக்குச் சட்டை பண்ணுதே? நீ சட்டைய உரிச்சுப்போடுத சாதியில்லா?"

வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்கு என் முறை. பழைய கண்ணாடியோட போய் நின்னா திருப்பி அனுப்பிருவாங்க. என் முட்டைய நெனச்சுப் பாருங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி புதுச் சட்டத்தைப் பச்சை வேலம்பிசினில் தோய்த்து அவள் உச்சந்தலையில் ஒட்டினார். பூனைக்கு அளவெடுத்த சட்டம். பாம்பின் கண்ணுக்கு ஒரு விரல் மேலேயே நின்றது. அதன் வழியாக வானம் தெரிந்தது, தரை தெரியவில்லை.

"பழசக் கழத்திரட்டுமா?"

வடிவு யோசித்தாள். அதை எறிய மனசு வரவில்லை. முகத்தில் வைத்திருக்கத் துணிச்சலும் வரவில்லை.

"பின்னால திருப்பி விட்டிருங்க. யாரு கண்ணுலயும் படாம இருக்கட்டும்."

அண்ணாச்சி நாரைப் பிடித்துச் சுற்றினார். வட்டக் கண்ணாடி அவள் பிடரிக்குப் போய்ச் சேர்ந்தது. கழுத்துத் தோலின் மடிப்பில் சட்டம் சுருங்கி மறைந்துகொண்டது.

அடுத்த நாள் காலை பவுனு வடிவை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பதான் பாக்கவே லட்சணமா இருக்கே" என்றாள். வடிவை நம்பி எல்லோரும் இலுப்பைத் தோப்புக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் தூரம் போனது காலடிச் சத்தத்தில்தான் வடிவுக்குத் தெரிந்தது. கண்ணுக்கு எல்லாம் ஒரே பால்.

வெயில் ஏறியது. பிசின் இளகிப் பிடரி வழியாக வழிந்தது. புதுக்கண்ணாடி நெற்றிக்கு இறங்கி, மூக்கில் நின்று, கடைசியில் தரையில் விழுந்தது. வடிவு குனிந்து தேடவில்லை. ஏனென்றால் எதிரே செம்பழுப்பாக ஏதோ ஒன்று அசைந்தது.

"ஆரு அது?"

"நான்தான் அக்கா, அணிலு. ஒங்களுக்கு இலுப்பைப்பூ கொண்டாந்திருக்கேன்."

அணில் ஒரு பேச்சுக்கும் மறுபேச்சுக்கும் நடுவே மூச்சுகூட விடாது. இது நிறுத்தி, நிதானமாகப் பேசியது. சடையன்தான் என்று வடிவுக்குத் தெரிந்துவிட்டது.

"அங்கனயே வச்சிட்டுப் போ."

பழுப்பு நிறம் இடப்பக்கம் நகர்ந்தது. அவளும் திரும்பினாள். பிறகு அது வலப்பக்கம் இருந்தது. பிறகு எந்தப் பக்கமும் இல்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு சருகு நொறுங்கியது. முன்னால் புற்றுவாசல், உள்ளே முட்டைகள், பக்கத்து வளையில் தேனுவின் குட்டிகள் பால்மணத்தோடு தூங்கிக்கொண்டிருந்தன. திரும்பினால் வாசல் காவலில்லாமல் போகும். திரும்பாவிட்டால் பிடரியில் பல் இறங்கும்.

பயத்தில் நமக்கு நெஞ்சு அடைக்கும். பாம்புக்கு உடம்பு முழுக்க நெஞ்சுக்கூடு; பயம் வந்தால் என்ன பாடு படும்! வடிவின் கழுத்தெலும்புகள் ஒவ்வொன்றாக விரிந்தன. கழுத்து முறம்போல அகன்றது. நார் படீரென்று அறுந்தது. ஆனால் கண்ணாடி விழவில்லை, வழிந்த பிசின் அதைத் தோலோடு பிடித்துக்கொண்டது. மடிப்பில் ஒளிந்திருந்த வட்டம் இரண்டும் விரிந்து, பளிங்கில் நடுப்பகல் வெயில் பட்டுத் தகதகத்தன.

பாயப் பதுங்கிய சடையன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏ, இவளுக்குப் பொறத்தாலயும் கண்ணு!" என்று அலறிக்கொண்டு ஓடினான்.

வடிவுக்கு அவன் சொன்னது விளங்கவில்லை. போய்விட்டான் என்று நம்பவும் முடியவில்லை. விரித்த கழுத்தைச் சுருக்காமல், ஊர் திரும்பி வரும்வரை அப்படியே நின்றாள்.

வடிவு நடந்ததைச் சொல்லவும், தேனு முதலில் தன் வளைக்குள் பாய்ந்தாள். குட்டிகளை முகர்ந்து பார்த்துவிட்டு வந்து, "நல்ல பாம்பு, எங்க மதினி நல்ல பாம்பு" என்று அழுதாள். அதுவரை வெறும் பாம்பாக இருந்தவளுக்கு அந்தப் பெயர் அன்றே நிலைத்தது. மற்றவர்கள் அவள் பிடரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"வட்டம்னா வட்டந்தான். நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் பவுனு.

மறுநாள் குளத்துக்குள் இறங்கிப் பழைய கண்ணாடியைத் தேடாதவர் இல்லை. ஓரம் தூக்கிய சட்டங்கள் குளத்தடிக்குப் போயின. தவளை தன் வட்டக் கண்ணாடியோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

வடிவுக்கு அந்த ஆரவாரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. "இதப் பிரிச்சு முன்னால கட்டுங்க அண்ணாச்சி. எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள்.

அண்ணாச்சி அலகால் நெம்பினார். பளிங்குச் சில்லுகள் தெறித்து விழுந்து உடைந்தன. சட்டம் அசையவில்லை, தோல்தான் கிழிந்தது.

"காய்ஞ்சு இறுகிட்டு தாயி. சட்டை உரிக்கும்போது கூடவே வந்திரும். பொறு."

பொறுத்தாள். பத்தாம் நாள் மூக்கு முதல் வால் வரை சட்டை முழுசாக உரிந்தது. ஈர்க்குச் சட்டமும் அதோடு போனது. ஆனால் அது இருந்த இடத்தில், புதுத்தோலில், அதே வட்டங்கள் பச்சை குத்தியதுபோலப் பதிந்திருந்தன. சட்டை உரித்தால் கண்ணில் படர்ந்த பால் விலகுவதுதான் வழக்கம். பிசின் பட்டதாலோ என்னவோ, அந்த முறை முழுதாக விலகவில்லை. அண்ணாச்சி புதிதாக எத்தனையோ கண்ணாடி கட்டிப் பார்த்தார். சருகு அசைந்தால் போதும், அவள் கழுத்து விரியும், நார் அறுந்துவிடும்.

முட்டைகள் பொரிந்தன. இருபத்திரண்டும் வெளியே வந்து, முதல் காற்று பட்டதுமே விரலளவு கழுத்தை விரித்து நின்றன. வடிவு நாக்கை நீட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்படி இருக்குதுங்க அண்ணாச்சி?"

"அத்தனையும் ஒன்னய மாதிரியேதான். பிடரியில வட்டக் கண்ணாடி, அச்சு அசல்."

"முன்னால?"

அண்ணாச்சி குட்டிகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "முன்னால ஒண்ணும் இல்ல தாயி" என்றார்.

அன்று முதல்தான் வட்டக் கண்ணாடி ஊரில் வருவதும் போவதுமாக இருக்கிறது, நல்ல பாம்புக்கு மட்டும் அது போவதே இல்லை; எதிரே வருவது யாரென்று தெரியாமல் அது பயந்து படம் எடுத்து நிற்கிறது, நாமோ அதைக் கோபம் என்கிறோம்.