கழுவியும் விடாத கை

"எல்லாம் செத்துப்போச்சு மேடம்."

செலஸ்தீனா கண்ணாடித் தட்டை வைத்த வேகத்தில் மேசையிலிருந்த தேநீர் தளும்பியது.

தட்டில், மீன் தோலிலிருந்து அவள் செய்த மெல்லிய ஏடு. தீப்புண்ணின் மேல் போர்த்த வேண்டியது. அதில் விட்ட தோல் செல்கள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை கமிட்டி வருது, அக்கா," என்றாள் டாக்டர் நிலோஃபர். வயதில் இளையவள். ஆனால் வழிகாட்டி அவள்தான்.

"தெரியும். செல் வளரலன்னா என் ஆய்வை மூடிருவாங்க."

நிலோஃபர் ஏட்டை எடுத்து இழுத்தாள். கிழியவில்லை.

"இதைக் காட்டுங்க. அவங்க இழுத்துத்தான் பார்ப்பாங்க. செல்லைப் பத்திக் கேட்டா, நடந்துக்கிட்டிருக்குன்னு சொல்லிடலாம்."

"மாட்டேன்."

"நான் சொல்றேன்."

"நீங்களும் சொல்லக் கூடாது. இது புண்ணுல போடுற சாமான். செருப்புக்கா தோல் பதப்படுத்துறேன்? பள்ளிக்கூட வேலையை விட்டுட்டு வந்தது பொய் சொல்றதுக்கில்ல."

"அப்ப ஏட்டை இறுக்கப் போடுற குளுட்டரால்டிஹைடைக் குறைங்க."

"குறைச்சா கிழியுது. கூட்டினா கொல்லுது."

"அது என்ன செய்யும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

"ரெண்டு கை உள்ள மருந்து. ஒரு கையால ஒரு இழையைப் பிடிக்கும். இன்னொரு கையால அடுத்த இழையை."

"அடுத்த இழை எட்டலன்னா?"

"எட்டாத கை செல்லைப் பிடிச்சுக் கொல்லும். அந்த மிச்ச மருந்து போகத்தான கழுவுறேன்! கழுவிக் கழுவி என் கைதான் வெளுத்திருக்கு. வேற வழி தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலன்னா, தெரியலன்னு சொல்லுங்க மேடம்."

நிலோஃபர் எழுந்து தன் அறை ஜன்னலோரம் வந்தாள்.

செலஸ்தீனா திரும்பி நடந்தாள். முந்தானை இழுபட்டது.

நிலோஃபர் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். மறு கையில் முந்தானை.

"என்ன விளையாட்டு இது? விடுங்க."

"கழுவிப் பாருங்க."

"நான் ஊத்த மாட்டேன்னு நினைச்சீங்களா?"

மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்த மணிக்கட்டின் மேல் ஊற்றினாள். சட்டைக் கை நனைந்தது. தரை நனைந்தது. விரல்கள் விடவில்லை.

"இன்னும் ஊத்துங்க, அக்கா."

பாட்டில் காலியானது.

செலஸ்தீனா ஒரே இழுப்பாக இழுத்தாள். சேலை கிழிந்தது. வெளியே போய்விட்டாள்.

வராந்தாவில்தான் தட்டின் ஞாபகம் வந்தது. திரும்பினாள்.

நிலோஃபர் கம்பியை விடவில்லை. மறு கை வழியை மறித்து நீண்டிருந்தது. விரல்கள் விரிந்து, யார் வந்தாலும் பிடிக்கத் தயாராக.

செலஸ்தீனா வாசலில் நின்றாள். அந்தக் கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு பையைத் துழாவி ஒரு கடலை மிட்டாயை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

விரல்கள் மூடிக்கொண்டன.

உரசிக்கொண்டே கடந்து போனாள். தட்டை எடுத்தாள். திரும்பி வந்தாள். கை அசையவில்லை.

"இதை வாயால சொல்லித் தொலைச்சிருந்தா ஒரு சேலை மிஞ்சியிருக்கும்."

"சொன்னா கேட்கிற ஆளா நீங்க?"

ஆய்வகத்தில், கிழிந்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேல்தட்டிலிருந்து கிளைசின் பாட்டிலை இறக்கினாள். அமினோ அமிலங்களிலேயே மிகச் சின்னது. எந்த வெறுங்கையிலும் அடங்கும்; பிறகு அந்தக் கை செல்லைப் பிடிக்காது.

மூடியில் படிந்திருந்த தூசியை ஊதினாள்.