முத்திரை பெற்ற நீச்சல் ஆசான்

மருதூர் மன்னன் வீரபூபன் நல்லவன். நீட்டுகிற ஓலையில் எல்லாம் படிக்காமல் முத்திரை குத்துவான். அது ஒன்றுதான் குறை.

பிள்ளைகள் ஏடு படித்தே கூன் விழுந்து போகிறார்கள் என்று அவனுக்கு ஒருநாள் கவலை வந்தது. அவைப்புலவன் சடையனைக் கூப்பிட்டான்.

"பாடசாலைக்குச் சிலம்பம், மல்யுத்தம், யாழ், நீச்சல். நாலுக்கும் ஆசான் பிடி. பத்து நாள் தருகிறேன்."

மூன்று பேர் சுலபமாகக் கிடைத்தார்கள். சடையன் சிலம்பக்காரனைச் சுற்றச் சொன்னான். மல்லனைப் புரளச் சொன்னான். யாழ்க்காரரை வாசிக்கச் சொன்னான். சேர்த்துக்கொண்டான். நீச்சலுக்குப் பரிசல் ஓட்டும் மூக்காயியை மனத்தில் வைத்திருந்தான். போன வெள்ளத்தில் ஆறு பேரைக் கரைக்கு இழுத்துப் போட்டவள்.

அதற்குள் மந்திரி மாதவராயர் தம் மைத்துனன் பூவராகனோடு வந்து நின்றார். மைத்துனன் கையில் அரச முத்திரை போட்ட ஓலை.

"நீச்சல் தெரியுமா?" என்றான் சடையன்.

"முத்திரை தெரியவில்லையா?" என்றான் பூவராகன்.

"அது தெரிகிறது. நான் கேட்டது நீச்சல்."

மந்திரி குறுக்கே வந்தார். "ஓய் சடையரே, அரச முத்திரையைப் பொய் என்பவனுக்கு என்ன தண்டனை?"

"நாடு கடத்தல்."

"நினைவிருந்தால் சரி. உம்முடைய பரிசல்காரியிடம் ஓலை இருக்கிறதா?"

"பரிசல் இருக்கிறது."

"அப்போது அதை ஓட்டச் சொல்லும்."

நீச்சலுக்கு முதலில் இறங்கப் போகிற இருபது பிள்ளைகளில் சடையனின் மகள் குயிலியும் ஒருத்தி. ஏழு வயசு. பயம் என்றால் என்னவென்று தெரியாத பெண்.

எதற்கும் பக்கத்தில் இருக்கட்டும் என்று மூக்காயியைத் தெப்பக்குளத்துக்கு வரச் சொன்னான்.

முதல் நாள் பாடம் பார்க்க அரசனே வந்தான். பிள்ளைகள் படியில் வரிசையாக நின்றார்கள். பூவராகன் மேல்படியில், பட்டு அங்கவஸ்திரத்தோடு.

"காலை உதை. கையை வீசு. மூச்சை அடக்கு. அவ்வளவுதான். இறங்குங்கள்."

"ஆசானே, நீங்கள் ஒருமுறை இறங்கிக் காட்டலாமே" என்றான் சடையன்.

"ஆசான் இறங்கினால் மரியாதை இறங்கிவிடும்."

குயிலி ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டாள்.

"நில்" என்றான் சடையன். மகள் நின்றாள். இருபது பிள்ளைகளும் நின்றார்கள்.

மந்திரிக்கு இதுதான் வேண்டியிருந்தது. "அரசே, உங்கள் முத்திரையைச் சடையர் பொய் என்கிறார்."

அரசன் முகம் இறுகியது. "அப்படியா, சடையா?"

"இல்லை அரசே. ஓலை அத்தனையும் சத்தியம். அதனால்தான் நிற்கச் சொன்னேன்."

"விளங்கச் சொல்."

சடையன் ஓலையை வாங்கி உரக்கப் படித்தான். "'பூவராகன் நீச்சலில் கரை கண்டவர்.' உண்மைதானே அரசே? இப்போதுகூடக் கரையில் நின்றுதான் கண்டுகொண்டிருக்கிறார். தண்ணீரைக் கண்டவர் என்று நீங்கள் எங்கும் முத்திரை வைக்கவில்லை."

அரசன் ஓலையைப் பார்த்தான். முதல் தடவையாகப் படித்தான். பிறகு பூவராகனைப் பார்த்தான்.

"ஓய், குளத்தில் இறங்கியது உண்டா?"

"உண்டு அரசே."

"எதற்கு?"

"கால் கழுவ."

அரசன் சிரித்த சிரிப்பில் குளத்து வாத்துகள் எழும்பிவிட்டன. மந்திரி தம் மைத்துனனைக் கண்டதே இல்லை என்பது போல் கோபுரத்தைப் பார்த்தார்.

"வேறு யார் இருக்கிறார்கள்?" என்றான் அரசன்.

சடையன் மூக்காயியைக் காட்டினான். அவள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

அரசனுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. "நீயும் நீச்சலில் கரை கண்டவளா?"

"கரையை எங்கே சாமி காண்பது? விடிந்தால் அடைந்தால் தண்ணியில்தான் கிடக்கிறேன்."

"இவளைச் சேர்" என்றான் அரசன். "ஓலை வேண்டாம்."