கொற்றியின் குறளில் விடுபட்ட சீர்

வெகு காலத்துக்கு முன்னே மருதங்காட்டு நாட்டை வீரகேது என்ற அரசன் ஆண்டுவந்தான். மனம் குளிர்ந்தால் யானையைப் பரிசு கொடுப்பான். முகம் சுளித்தால் அதே யானையின் காலில் போடச் சொல்வான்.

போரில் வென்று திரும்பியவன், "என் வெற்றியைப் பாடுவோர் வரலாம்" என்று பறையறைவித்தான். புலவர்கள் குவிந்தார்கள். கடைசியாகக் கொற்றி என்ற பாணர்குலப் பெண் வந்தாள். அவள் கணவன் அந்தப் போருக்குப் போய்த் திரும்பாதவன். ஒரே ஒரு குறள் சொன்னாள்:

வெற்றி முரசொலிக்க வீதியெலாம் பூச்சொரிய
முற்றத்தில் நிற்கின்றேன்

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவைப்புலவர் கூத்தபிரான் துள்ளி எழுந்தார். வேறு யார் பாடினாலும் அவருக்கு வயிறு எரியும். "வேந்தே, குறள்வெண்பாவுக்குச் சீர் ஏழு. இதில் ஆறுதான். குறைப்பாட்டு அரசனுக்குக் கேடு. வேண்டுமென்றே செய்திருக்கிறாள்!"

அரசன் முகம் சுளித்தான். யானைப்பாகனைக் கூப்பிடச் சொன்னான்.

அமைச்சர் விழுப்பரையர் முன்னே வந்தார். கடைசிச் சொல்லில் அவள் மூச்சு தடுமாறியதை அவர் பார்த்திருந்தார். "சற்றுப் பொறுங்கள், வேந்தே. புலவரே, குறையை நீங்களே நிரப்பிவிடுங்களேன்."

"இது என்ன பெரிய வித்தை? 'நிற்கின்றேன் நான்.' தளை தட்டாது."

"சரிதான். எதுகையும் மோனையும் அழகாக வைக்கத் தெரிந்தவளுக்கு 'நான்' என்ற ஓரசைச் சொல்லா கிடைக்கவில்லை? ஊரே கூத்தாடும் ஓசையில் தொடங்கித் தனியாக நிற்கும் ஒருத்தியிடம் வந்து நிற்கிறது பாட்டு. இதன் சுவை அழுகை, புலவரே." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, நீ விட்ட அந்த இடம் யாருக்கு?"

"அவருக்கு, ஐயா. அவர் பேரை நான் எப்படிச் சொல்வேன்?"

அமைச்சர் அரசனிடம் திரும்பினார். "கணவன் பெயரை மனைவி சொல்லும் வழக்கமில்லை, வேந்தே. அவன் யாருக்காகப் போனானோ, அவர்தான் சொல்ல வேண்டும்."

அரசன் வாய் திறந்தான்; பெயர் வரவில்லை. படைத்தலைவனைப் பார்த்தான், அவனும் தலை குனிந்தான். அரசன் அரியணையை விட்டு இறங்கி வாயிலுக்கே போனான். அங்கே காவல் நின்ற வீரன் மெல்லச் சொன்னான்: "சேந்தன், அரசே. நாங்கள் சேந்து என்போம். உங்கள் தேருக்கு முன்னால்தான் விழுந்தான்."

திரும்பி வந்த அரசன் கொற்றியின் எதிரே நின்று, குறளை முதலிலிருந்து சொன்னான். "...முற்றத்தில் நிற்கின்றேன் சேந்து."

அப்போதுதான் கொற்றி அழுதாள். விரல்விட்டு எண்ணிய கூத்தபிரான், "தளை தட்டவில்லை" என்று முணுமுணுத்தார்.

அரசன் கொற்றிக்கு விளைநிலமும் அமைச்சருக்குத் தன் கணையாழியும் கொடுத்தான். "புலவரே, மாண்டவர் வீடுகளுக்கெல்லாம் நடந்தே போய்ப் பெயர் கேட்டு வாருங்கள்" என்றான்.

மறுநாள் காலை, பல்லக்கில்லாமல் வந்த கூத்தபிரான் முதல் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றார். பிறகு கையைக் கூப்பி, கேட்கத் தெரியாதவர்போலக் கேட்டார்: "தாயே... உங்கள் மகன் பெயர் என்ன?"