கிணற்றுக்குள் கூடிய குழு

மொட்டக்கிணத்துப்பட்டி என்று ஒரு ஊர். எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள், நாலும் தப்பாக இருக்கும்.

அந்த ஊரில் தளவாய் என்று ஒருவன். அவனுக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நல்ல உழைப்பாளி, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, சொந்தமாக வாழைத்தோட்டம் உண்டு. ஆனாலும் மூன்று சம்பந்தம் கைக்கு வந்து நழுவிப் போயிற்று. ஊர்ப் பேரைக் கேட்டதுமே பெண் வீட்டார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நாலாவதாக வந்தவர் ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரர் சங்கரலிங்கம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வருவதாகவும், பையனுக்கு மூளை இருக்கிறதா என்று தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பெண்ணைக் கொடுப்பதாகவும் தரகனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து தளவாய்க்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் கைவிட்டுப் போனால் இனி எவனும் இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான் என்பது அவனுக்கே தெரியும்.

இதற்கிடையில் ஊரில் இன்னொரு காரியம் நடந்திருந்தது. போன கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பானகப் பந்தலை எசக்கிப்பாண்டி, ஐகோர்ட் துரை, பேச்சியப்பன், தளவாய் என்ற நாலு இளவட்டங்களிடம் ஒப்படைத்தார்கள். நாலு பேருக்கும் கலக்குகிற வேலைதான் பிடித்திருந்தது. விளக்கு வைக்கிற வரைக்கும் கலக்கினார்கள். ஊற்றிக் கொடுக்க ஆளில்லை. பயல்களுக்குச் சேர்ந்து வேலை செய்யத் தெரியவில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகி, டவுனிலிருந்து அருமைநாயகம் என்ற பயிற்சியாளரை வரவழைத்தார்கள்.

அவர் மூன்று நாள் விசில் ஊதினார். வெள்ளைப் பலகையில் வட்டம் போட்டார், வட்டத்துக்குள் அம்புக்குறி போட்டார், அம்புக்குறிக்குள் இன்னொரு வட்டம் போட்டார். கடைசியில் எசக்கிப்பாண்டியைத் தலைவனாகவும் ஐகோர்ட் துரையைச் செயலாளராகவும் வைத்து, நாலு பேருக்கும் லேமினேஷன் செய்த சான்றிதழ் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வருகிறவருக்கு விருந்து போட வாழையிலை வேண்டும் என்று தளவாயை அவன் அம்மா தோட்டத்துக்கு அனுப்பினாள். நல்ல இலையெல்லாம் கிணற்றோரம் இருந்த வாழையில்தான் இருந்தது. எட்டி அறுத்தவன் இலையோடு கிணற்றுக்குள் போய் விழுந்தான். முழங்காலளவு தண்ணீர், அதற்குக் கீழே சேறு. அடி எதுவும் படவில்லை. ஆனால் படிக்கட்டு இடிந்து விழுந்து வருஷக் கணக்காகிவிட்டது. அவன் போட்ட கூப்பாட்டில் மற்ற மூன்று பேரும் வடக்கயிற்றோடு ஓடி வந்தார்கள்.

பயிற்சி மட்டும் எடுக்காமல் இருந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. பேச்சியப்பன் கயிற்றை உள்ளே போடப் போனான். எசக்கிப்பாண்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். கூட்டம் போடாமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது என்று பயிற்சியாளர் முதல் நாளே சொல்லியிருக்கிறார். எனவே கிணற்று விளிம்பில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்ததில் வட்டம் சரியாக வரவில்லை, அதில் கொஞ்ச நேரம் போயிற்று.

"மொதல்ல நோக்கத்த எழுதணும்" என்றான் ஐகோர்ட் துரை, நோட்டைப் பிரித்துக்கொண்டு.

"வெளிய வாறதுதான்" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

துரை எழுதிக்கொண்டான். பேச்சியப்பன் மட்டும் முகத்தைச் சுளித்தான். "அது தளவாயோட நோக்கம்லா? குழுவுக்குன்னா எல்லாருக்கும் ஒரே நோக்கம் இருக்கணும்னு சார் சொன்னாரே. நம்ம மூணு பேரும் வெளியதான இருக்கோம். வெளிய இருக்கிறவன் எப்படில வெளிய வருவான்?"

மூன்று பேரும் நெடுநேரம் யோசித்தார்கள். கீழே தளவாயும் யோசித்தான். அவனுக்கு அவசரம்தான், பதினொரு மணி நெருங்குகிறது. ஆனாலும் பேச்சியப்பன் சொன்னதில் ஒரு குற்றமும் காண முடியவில்லை. அவனும் சான்றிதழ் வாங்கினவன் ஆயிற்றே.

"அப்போ ஒண்ணுதான் வழி" என்று எழுந்தான் எசக்கிப்பாண்டி. "நாமளும் உள்ள எறங்கணும்."

கிணற்றோரத் தென்னையில் கயிற்றைக் கட்டித் தலைவன் இறங்கினான். நோட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு துரை இறங்கினான். கடைசி ஆளான பேச்சியப்பன், வேலை முடிந்ததும் சாமானைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வரக் கூடாது என்ற விதியை நினைத்துக்கொண்டு, கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கிணற்றுக்குள் போட்டான். பிறகு தானும் குதித்தான்.

தளவாய்க்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து ஒண்டியாகக் கிடந்தவனுக்கு இப்போது மூன்று பேர் துணை. இப்படிப்பட்ட சேக்காளிகள் யாருக்குக் கிடைப்பார்கள் என்று நினைத்து நெஞ்சு நிறைந்து போனான்.

வட்டம் இப்போது அழகாக வந்தது. வெளியே வருவது என்ற தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது. கை தட்டினார்கள். அடுத்து, யார் முதலில் ஏறுவது என்ற பேச்சு வந்தது. ஒருவனைப் பின்னால் விட்டுவிட்டு ஒருவன் முன்னால் போகக் கூடாது என்பது இரண்டாம் நாள் பாடம். ஆகவே நாலு பேரும் ஒரே நேரத்தில் ஏறுவது என்று முடிவாயிற்று. அதற்கும் கை தட்டினார்கள்.

சொன்னபடி பதினொரு மணிக்கு வந்த சங்கரலிங்கத்தோடு மகனைத் தேடித் தோட்டத்துக்கு வந்த தளவாயின் அம்மா, அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவரைக் கிணற்றுக்கு அழைத்து வந்தாள். எட்டிப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்கு ஏணி கேட்டு ஓடினாள்.

சங்கரலிங்கம் பெரிய மீசைக்காரர், ஆளும் நல்ல கனம். ஏணி வருகிற வரைக்கும் காத்திருப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. "கயித்த மேல வீசுங்கலே" என்றார். வீசினார்கள். அதை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, சலவை வேட்டியை மடித்துக் கட்டி, விளிம்பில் காலை ஊன்றி நின்று, "ம், பிடிங்க" என்றார்.

கயிற்றின் மறுமுனையில் நாலு பேரும் வரிசையாக நின்று பிடித்தார்கள். கயிறு இழுக்கும் போட்டிக்குப் பயிற்சியாளர் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார். கயிறு கைக்கு வந்தால் பேசக் கூடாது, யோசிக்கக் கூடாது, தலைவன் மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். எசக்கிப்பாண்டி மூன்று எண்ணினான். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு ஒற்றுமையை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை.

சங்கரலிங்கம் பலாப்பழம் மாதிரி வந்து சேற்றில் இறங்கினார்.

மெல்ல எழுந்தார். மீசையிலிருந்த சேற்றை வழித்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகத்திலும் ஒரே சேறு. "இதுல மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டார்.

தளவாய் ஓரடி முன்னால் வந்தான். இத்தனை வருஷமாக அவன் காத்திருந்த கேள்வி. ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தவன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே மூடிக்கொண்டான். பயிற்சியில் 'நான்' என்று சொன்னவனைப் பயிற்சியாளர் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வைத்தார். குழுவில் 'நான்' கிடையாது, 'நாங்கள்'தான். தளவாய் அன்றைக்கு நாற்பது சுற்று ஓடினவன். மற்றவர்களைப் பார்த்தான். அவர்களும் நண்பனுக்காக முன்னால் வந்து தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள்.

"நாங்கதான் மாமா" என்றார்கள் நாலு பேரும்.

சங்கரலிங்கம் விரலை நீட்டி இடமிருந்து வலமாக ஒரு தரம் எண்ணினார். பிறகு வலமிருந்து இடமாக எண்ணினார். இரண்டு தடவையும் நாலுதான் வந்தது. அவர் முகம் வாடிப் போயிற்று.

"தரகன் இத எங்கிட்ட சொல்லவே இல்லையேப்பா" என்றார். "எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு. எந்தம்பிக்கு ரெண்டு இருக்கு, கேட்டுப் பாக்கேன். நாலாவதுக்கு மட்டும் ஒரு வாரம் தவணை குடுங்க."