குட்பை என்ற சொல்லின் பூர்வீகம்

"பதினாலு மாசமா என் பையன் என்கிட்ட பேசலைம்மா," என்றார் கனகசபாபதி.

அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அம்மா என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு நாற்பது வயசுதான். பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒருநாள் டிக்கெட் பையைக் கழற்றி வைத்துவிட்டு, ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓட்டுக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். பதில் கொடுக்கவில்லை.

கனகசபாபதிக்கு அறுபத்தெட்டு. முப்பத்தைந்து வருஷம் காலேஜில் இங்கிலீஷ் நடத்தியவர். சீடர் என்று அவரேதான் தன்னைச் சொல்லிக்கொண்டார். அம்மா அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

"எங்க இருக்கான்?"

"டொரொண்டோவுல. தினம் அவங்கம்மாகிட்ட பேசறான். நான் அடுத்த ரூம்ல உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பேன். அப்பான்னு ஒரு வார்த்தை வராதான்னு."

"வருமா?"

"வராது."

அம்மா புளித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அவரும் ஒரு கை எடுத்துக்கொண்டார்.

"சண்டையா?"

"சத்தியமா இல்லம்மா. என் வாழ்க்கையில நான் அவனை அடிச்சதில்ல, திட்டினதில்ல. எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதான் நான் செஞ்சது."

"என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல கனகசபாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வார்த்தைகள்மா! ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பூர்வீகம் இருக்கு. விண்டோன்னு சொல்றோமே, அது காத்தோட கண்ணு. மசில்னா குட்டி எலி. கை மடக்கினா உள்ள ஒண்ணு ஓடுது பாருங்க, அதனால. எட்டு வயசுல மரத்துலேருந்து விழுந்து கையை உடைச்சுக்கிட்டான். மாவுக்கட்டுப் போடும்போது இதைத்தான் சொன்னேன்."

"அழுதானா?"

"கொஞ்சம் அழுதான். மசில்ங்கற வார்த்தை லத்தீன்லேருந்து வருது."

அம்மா அடுத்த புளியைப் பிரித்தார். கனகசபாபதி நிறுத்தவில்லை.

"முதல் சம்பளத்துல எனக்கு ஒரு சட்டை வாங்கிட்டு வந்தான். 'நைஸா இருக்காப்பா?'ன்னு கேட்டான். நைஸ்னா அந்தக் காலத்து இங்கிலீஷ்ல என்ன தெரியுமாம்மா? முட்டாள்! அப்படியே தலைகீழா மாறியிருக்கு. ஆச்சரியமா இல்ல?"

"சட்டை எப்படி இருந்தது?"

கனகசபாபதி யோசித்தார். "நீலம்னு நினைக்கிறேன். பீரோவுல இருக்கு. இன்னும் பிரிக்கல."

பேச்சு மும்முரத்தில் அவர் கொட்டைகளைப் புளிச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். புளியைக் குப்பை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அதைப் பார்த்தார். சட்டியிலிருந்து ஒவ்வொரு கொட்டையாக எடுத்து வெளியே போட்டார்.

"கடைசியா உங்ககிட்ட என்ன பேசினான்?"

"ஏர்போர்ட்ல. உள்ள போகப்போறான். தள்ளுவண்டி நிறைய பெட்டி. 'பை, அப்பா'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"குட்பைங்கற வார்த்தை எங்கேருந்து வந்ததுன்னு சொன்னேன்."

அம்மாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது.

"எங்கேருந்து வந்தது?"

"'காட் பி வித் யீ'ன்னுதான் ஆதியில சொன்னாங்க. கடவுள் உன்கூட இருக்கட்டும்னு அர்த்தம். சொல்லிச் சொல்லித் தேஞ்சு குட்பை ஆச்சு. குட் மார்னிங், குட் ஈவினிங் பழக்கத்துல முன்னால இருந்த காட், குட்டா மாறிடுச்சு. பிறகு அதுவும் தேஞ்சு வெறும் பை. எவ்வளவு பெரிய வாழ்த்தும்மா அது! அவனுக்குத் தெரியணுமில்ல, என்ன சொல்றோம்னு? முழுசா எடுத்துச் சொன்னேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அவங்கம்மா என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. நான் பிரெஞ்சுக்காரன் என்ன சொல்றான்ங்கறதுக்கு வந்திருந்தேன்."

"பையன்?"

"நின்னு கேட்டான். பாவம், நல்ல பையன். வாசல்ல இருந்த போலீஸ்காரர் டிக்கெட் காட்டச் சொன்னார். 'சரிப்பா'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டான். திரும்பிப் பார்ப்பான்னு நின்னேன். பார்க்கல."

கடைசி வார்த்தையில் அவர் குரல் இறங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விரலில் இருந்த புளி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

"அவன்கிட்ட நான் என்ன தப்பு பண்ணினேன்னு சொல்லுங்கம்மா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

அம்மா எழுந்தார். சோறு போட்டார். ரசம் ஊற்றினார். சாப்பிட்டு முடித்ததும் மீதிப் புளியை எடுத்து மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

கனகசபாபதிக்கு எரிச்சல். இருநூறு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தவருக்கு ரசத்தை மட்டும் பதிலாகக் கொடுத்தால் எரிச்சல் வராதா?

நாலு மணி பஸ் வளைவில் தெரிந்தது. அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"போயிட்டு வர்றேன்மா."

"சார், நம்ம ஊர்ல யாரும் போறேன்னு சொல்றதில்ல கவனிச்சிருக்கீங்களா?" என்றார் அம்மா.

அம்மா இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. நின்றார்.

"போறேன்னு சொன்னா திரும்பி வராத மாதிரி ஆயிடும்னு ஒரு பயம். அதனால வர்றேன்னு ஒண்ணைச் சேர்த்துக்கறோம்."

"தெரியும்மா. பஸ் வந்துடுச்சு. போயிட்டு வர்றேன்."

"சில பேர் போயிட்டுங்கறதையே விட்டுடுவாங்க. வெறும் 'வர்றேன்'னு சொல்லிட்டு எழுந்து போவாங்க. வெளியூர்க்காரனுக்கு ஒண்ணும் புரியாது."

ஹாரன் அடித்தது. கண்டக்டருக்கு அம்மா மேல் மரியாதை, அதனால் வண்டி நின்றது. "சார், ஏறுறீங்களா?" என்று படியிலிருந்து கத்தினான்.

கனகசபாபதி வேலிப் படலைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். இன்னொரு கால் உள்ளே இருந்தது.

"அம்மா, நான் கிளம்பறேன்."

"கிளம்பறேன்னு சொல்றது வேற ரகம். அது பாதி பேர் வீட்ல..."

"அம்மா!"

கோபம் வந்தது அவருக்கு. கோபத்துக்கு அடியிலேயே ஒரு பயம். அறுபத்தெட்டு வயசு மனுஷன், பள்ளிக்கூட வாசலில் விடப்பட்ட குழந்தை மாதிரி நின்றார்.

"'போயிட்டு வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. அது போதும் எனக்கு."

அம்மா புளியைக் கீழே வைத்தார். அவரை நேராகப் பார்த்தார்.

தான் கேட்டது தன் காதிலேயே விழுந்தது கனகசபாபதிக்கு.

ஐயோ, என்றார். சத்தம் வரவில்லை.

வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அங்கேயே தரையில் உட்கார்ந்தார். கண்டக்டர் இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தான். பஸ் போய்விட்டது.

"டொரொண்டோவுல இப்ப விடிஞ்சிருக்குமா?" என்றார் கனகசபாபதி.

"யாரைக் கேக்கறீங்க?" என்றார் அம்மா. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

கனகசபாபதி போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். நாலு தடவை ரிங் போனது. ஐந்தாவது ரிங்கில் எடுத்தான்.

"அப்பா?" தூக்கக் குரல். பிறகு பதற்றம். "என்னப்பா, அம்மாவுக்கு ஏதாவது...?"

"அம்மா நல்லா இருக்கா."

"உங்களுக்கு?"

"நானும்தான்."

"அப்புறம் என்னப்பா? எதுக்குக் கூப்பிட்டீங்க?"

சொல்ல ஒரு வார்த்தைதான் இருந்தது. அது வெளியே வர இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

"போயிட்டு வாப்பா," என்றார்.