ஒற்றை அணுவும் நான்கு நைட்ரஜனும்

“என்னால முடியல மேடம். மூணு வருஷமா முட்டி மோதிட்டேன். இந்த அணு நிக்க மாட்டேங்குது.”

மங்கையர்க்கரசி ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தாள். ஆராய்ச்சியை விட்டு விலகுவதாக எழுதிய கடிதம்.

பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டே நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். வழிகாட்டி தேன்மொழி அவளைவிடப் பத்து வயது சின்னவள். அதனால் ஆசிரியை மாணவியை ‘அக்கா’ என்பாள், மாணவி ஆசிரியையை ‘மேடம்’ என்பாள். இதில் இரண்டு பேருக்கும் கூச்சமில்லை.

வேலையெல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஓர் அணு கனத்தில், கார்பன் அணுக்களாலான ஒரு தாள். அதன் பொத்தலில் ஒற்றைக் கோபால்ட் அணு. சுற்றிப் பிடித்துக்கொள்ள நான்கு நைட்ரஜன் அணுக்கள். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க இந்தக் கோபால்ட் உதவினால், விலை கூடின பிளாட்டினம் வேண்டாம். அந்த ஹைட்ரஜனில் ஏழை ஊரிலும் அடுப்பெரியும். மங்கை அதை மனதார நம்பினாள். நம்பினதால்தான் இத்தனை வேதனை.

தேன்மொழி டீயை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“என்னதான் ஆகுது, அக்கா?”

“ஹைட்ரஜன் வந்து தொட்டதும் கோபால்ட் இடத்தை விட்டே கழண்டுடுது.”

“அந்த நாலு நைட்ரஜனும் என்ன பண்ணுது?”

“அதுங்களை அசையாமக் கட்டிப் போட்டுட்டேன். எல்லாம் அசைஞ்சா கணக்கு முடியறதுக்குள்ள விடிஞ்சுடும். வேலை செய்யப் போறது நடுவுல இருக்கிறதுதானே? அதுங்க சிவனேன்னு கிடக்கட்டும். அதுங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?”

தேன்மொழி மேசையிலிருந்து மர ஸ்கேலை எடுத்தாள். ஒரு ஃபைலிலிருந்து நாடாவை உருவினாள். மங்கையின் வலது கையை வாங்கி, நான்கு விரல்களையும் ஸ்கேலோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினாள். பெருவிரல் மட்டும் வெளியே இருந்தது.

“இந்தக் கையாலயே டீயைக் குடிங்க.”

பெருவிரல் தம்ளரைத் தொட்டது. உரசியது. தள்ளியது.

தம்ளர் சாய்ந்து, டீ முழுக்கக் கடிதத்தின்மேல் கொட்டியது.

மங்கைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணும் நிறைந்தது.

“புரியுது மேடம். கட்டை அவுத்துட்டு மறுபடி போட்டுப் பாக்கணும். ஆனா எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணுமே. காலையில நாலு மணிக்கு எழுந்து சமைச்சு வச்சுட்டு வரேன். போய்த்தான் ராத்திரிக்கு உலை வைக்கணும். உடம்புல தெம்பு இல்ல.”

“வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?”

“அவரு, பையன், பொண்ணு, மாமியார்.”

“நீங்க இவ்வளவு கஷ்டப்படறது அவங்களுக்குத் தெரியுமா, அக்கா?”

“சொன்னதில்ல. பாவம், அவங்களுக்கு எதுக்குத் தொந்தர...”

பேச்சு பாதியில் நின்றது. மங்கை தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேன்மொழி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். அது அவிழும்வரை மங்கைக்குப் பொறுக்கவில்லை. இடது கையால் ஃபோனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, இன்னைக்கு நான் வர நேரமாகும். நீங்களே உலை வச்சுடுங்க. எனக்கு... தனியா முடியலங்க.”

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று உருளும் சத்தம் கேட்டது.

“அஞ்சு பேருக்கு அரிசி எத்தனை தம்ளர் போடணும், மங்கை?”